ஊருக்கு மார்க் குறைக்க முடியாது

என் நாட்குறிப்பில் அவள் முதன்முதலாக வருவது ஒரு ஜூன் மாதத் திங்கட்கிழமை. அன்றைய பக்கத்தில் அவளைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருக்கிறேன்: "எத்தியோப்பியா கேஸ். தாய்க்கு வாய் ஜாஸ்தி." இன்று படித்தால் இரண்டுமே தவறு. ஐந்தாம் வகுப்பில் சேர வந்த ஒரு பெண்பிள்ளையைக் கேஸ் என்று எழுதியிருக்கக் கூடாது. அவளுடைய அம்மாவுக்கு வாய் அளவாகத்தான் இருந்தது. அந்த அளவிலிருந்து யாருக்காகவும் கம்மி பண்ணிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

ஆம்பூரில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் நான் எழுத்தர். சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், பதிவேடுகள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதியது தெரிந்தால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

முப்பத்து நான்கு, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கண்ணாடி போட்டிருப்பாள். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருக்கிற பை, பர்ஸ், செருப்பு எதுவானாலும் அதன் தையலை அவள் கட்டைவிரல் தடவிப் பார்க்கும். என் கைப்பையை முதல் நாளே தடவிவிட்டு, "இங்க நூல் விட்டிருக்கு க்கா, இன்னும் ஒரு மாசம்தான் தாங்கும்" என்றாள். ஐந்து வாரத்தில் வார் பிய்ந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங்கில் இருந்தவள். தைத்து வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பழுது இருக்கிறதோ அங்கே சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அம்பு ஒட்டினால் அந்த ஜோடி திரும்பிப் போகும். "ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி பாக்கணும் க்கா. தோல்ல முள்ளு கீறி ஆறின தழும்பு இருக்கும். அது பழுது இல்ல. அவசரத்துல அதுமேல ஒட்டிட்டா, தைச்சவ கூலி போய்டும்" என்று ஒரு தடவை சொன்னாள்.

அவளுடைய கணவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், ஃபினிஷிங் வேலை தெரிந்தவர். எத்தியோப்பியாவில் மோஜோ என்ற ஊரில் ஒரு தோல் ஷாப்புக்கு வேலை தெரிந்த ஆட்களை இங்கிருந்து கூட்டிப்போனபோது அவரும் போனார். எங்கள் பக்கத்து ஆண்கள் இப்படிப் போவது சாதாரணம். குடும்பம் இங்கேயே இருக்கும். அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோவார்கள். அவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விட்டாள். எட்டு வருஷம் அங்கேயே இருந்தார்கள். பிறகு அந்தக் கம்பெனி குடும்பத்தோடு தங்க வீடு தருவதை நிறுத்திவிட்டது. கணவர் அங்கேயே மற்ற ஆண்களோடு அறையில் தங்கிக்கொள்ள, அவளும் மகள் அபியும் திரும்பி வந்தார்கள்.

திரும்பி வந்த நாளிலிருந்து அவள் ஊரோடு சண்டை போட்டாள். அந்தச் சண்டை முழுவதும் ஒரே ஒரு சொல்லை வைத்துத்தான்.

அந்த முதல் திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில் நானும் இருந்தேன். நல்ல பெண்மணிதான் அவர், மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். அபியின் தலையைத் தடவிக்கொடுத்து, "பாவம் குழந்தை, எங்க போனாலும் புதுசா இருக்கும்" என்றார்.

"பாவம்னு சொல்லாதீங்க மேடம்" என்றாள் அவள்.

"இல்லம்மா, நான் அன்பாத்தான..."

"தெரியும் மேடம். ஆனா வேணாம். அவ யாருக்கும் ஒண்ணும் பண்ணல."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஐந்தாம் வகுப்பு ஆசிரியை வந்து அபியைச் சோதித்தார். அபி தமிழ் நன்றாகப் பேசினாள். வீட்டில் அதுதான் பேச்சு. எழுத்து மட்டும் பாதிதான் தெரிந்தது, அதுவும் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. கணக்கு எல்லாம் சரியாகப் போட்டாள். கடைசியில் ஆசிரியை சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, "மணி என்ன?" என்று கேட்டார். பத்தரை. அபி தயங்காமல், "நாலரை" என்றாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்பது அந்தப் பார்வை.

"அங்க அப்படித்தான் டீச்சர்" என்றாள் அம்மா. "விடியும்போதுதான் மணி எண்ண ஆரம்பிப்பாங்க. நமக்கு ஏழுன்னா அவங்களுக்கு ஒண்ணு. சரியா ஆறு மணி வித்தியாசம் வருது பாருங்க. மணி தெரியாதவ இவ்ளோ கரெக்டா தப்பு பண்ண மாட்டா."

இது ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. "தமிழ் எழுதத் தெரியாம அஞ்சாவதுல எப்படி உக்கார வைக்கிறது? மூணாவதுல போடுங்க மேடம், அவளுக்கே நல்லது" என்றார். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பத்து வயசுப் புள்ள எட்டு வயசுப் புள்ளைங்களோட உக்காரணுமா? முடியாது" என்றாள். அரை மணி நேரம் பேச்சு நடந்தது. கடைசியில் தலைமையாசிரியை ஒரு முடிவு சொன்னார். காலாண்டுத் தேர்வு வரை அபி ஐந்தில் உட்காரலாம். தமிழில் முப்பத்தைந்து எடுக்காவிட்டால் விடுமுறை முடிந்ததும் மூன்றாம் வகுப்பு. என்னைப் பார்த்து, "பேரை இப்போதைக்குப் பென்சில்ல எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ஐந்தாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் மையில். அபியின் பெயர் மட்டும் பென்சிலில். மேஜைக்கு எதிரே நின்று அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது மூச்சுப் பிரச்சினை.

இரண்டாவது வாரம் வகுப்பு ஆசிரியை என்னிடம் வந்து, அந்தப் பெண்ணுக்கு வீசிங் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை, மூச்சு இழுக்கிறது, டாக்டர் சீட்டு வாங்கி வரச் சொல்லுங்கள் என்றார். நானும் ஒரு நாள் கவனித்தேன். உண்மைதான். "சாப்பிட்டியா?" என்றால் வாயைக் கொஞ்சம் திறந்து, "ஹெஹ்" என்று காற்றைச் சட்டென்று உள்ளே இழுப்பாள். சுடுகிற பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டவர்கள் இழுப்பார்களே, அப்படி. நான் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

மறுநாள் ஃபைலோடு வந்தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னா க்கா, நேத்து டாக்டர்கிட்ட போய் மானம் போச்சு. நெஞ்சுல வெச்சுப் பாத்தாரு. ஒண்ணும் இல்லன்னாரு. அப்புறம் இவகிட்ட, 'இஸ்கூல் புடிச்சிருக்கா பாப்பா'ன்னு கேட்டாரு. இவ 'ஹெஹ்'ன்னா. டாக்டர் பயந்து திரும்பியும் மிஷினைக் காதுல மாட்டிக்கிட்டாரு. அப்போதான் எனக்கே பொறி தட்டுச்சு. அது மூச்சு இல்ல க்கா. ஆமான்னு சொல்றா. அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஆமான்னு சொல்வாங்க. எட்டு வருஷமா கேட்டுக் கேட்டு எனக்கு அது காதுலயே ஏறல. நானே போன்ல பேசும்போது இழுக்கறேனாம், இவங்க அப்பா சொல்றாரு."

அப்படியென்றால் அபி ஆசிரியையின் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "புரிஞ்சுதா?" ஆமாம். "எழுதிட்டியா?" ஆமாம். இரண்டு வாரம் ஆமாம் ஆமாம் என்று சொன்ன பிள்ளைக்கு ஆசிரியையின் குறிப்பேட்டில், "வீசிங். வாய் திறப்பதில்லை" என்று எழுதப்பட்டிருந்தது.

நான் விளக்கிச் சொன்னேன். ஆசிரியை, "அதெல்லாம் சரி, இங்க ஆமா டீச்சர்னு சொல்லக் கத்துக்கட்டும்" என்றார். அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். அதில் அவளுக்குச் சண்டை இல்லை. ஆனால் விஷயம் வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆசிரியை வருகை எடுக்கிறார். முதல் பெயருக்கு "ஹெஹ்". இரண்டாவது பெயருக்கு "ஹெஹ்". கடைசிப் பெயர் வரை அப்படியே. உருது பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், யாரும் பாக்கி இல்லை. அபி மட்டும், "உள்ளேன் டீச்சர்" என்றாளாம்.

உடனே அம்மாவை வரச் சொன்னார்கள். வந்தாள்.

"உங்க பொண்ணு கிளாஸையே கெடுத்து வெச்சிருக்கா" என்றார் ஆசிரியை.

"அவ உள்ளேன் டீச்சர்னுதான சொன்னா?"

"சொன்னா. மத்தவங்களுக்கு யாரு கத்துக்குடுத்தது?"

"அப்போ அது நோய் இல்லன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. நாப்பது பேருக்கு ஒரே நாள்ல வீசிங் வராது இல்ல? உங்க நோட்டுல வீசிங்னு எழுதினதை அடிச்சுடுங்க டீச்சர். நான் நின்னு பாத்துட்டுப் போறேன்."

நின்றாள். ஆசிரியை அடித்தார். திமிர் பிடித்தவள் என்று ஆசிரியர் அறையில் அன்று முடிவாகிவிட்டது. நானும் அங்கே டீ குடித்துக்கொண்டுதான் இருந்தேன். மறுத்துப் பேசவில்லை.

வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் அவள் நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். பூக்கார அம்மா நல்ல மனசோடு ஒரு முழம் பூவை அபியின் தலையில் வைத்து, "அப்பன் ஒரு தேசம், புள்ள ஒரு தேசம், பாவம்" என்று சொல்லிவிட்டாள். இவள் பூவை எடுக்கவில்லை, நகரவும் இல்லை. பள்ளி விடுகிற நேரம், கூட்டம் நெருக்குகிறது.

"ஆயா, அந்த வார்த்தைய வாபஸ் வாங்கு."

"இன்னாடி இது பேஜாரு? பாவம்னா தப்பா?"

"இந்தத் தெருவுல எத்தினி வீட்டுல அப்பா வெளிநாட்டுல இருக்காரு? அந்தப் புள்ளைங்க அப்பன் மூஞ்சிய வருஷத்துக்கு ஒரு வாட்டி பாக்குதுங்க. அதுங்களை யாரும் பாவம்னு சொல்றதில்ல. எட்டு வருஷம் தெனமும் அப்பா கையால சோறு தின்ன புள்ளைய வந்து பாவம்ன்றீங்க. எந்த ஊர் ஞாயம்?"

"சரிடியம்மா, பாவம் இல்ல. ராணி. போதுமா?"

"ராணியும் வேணாம். அபின்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பூவுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் அபிக்கு ஆப்பிரிக்கா என்று பட்டப்பெயர் வைத்தபோதும் இப்படித்தான். மற்ற தாய்மார்களாக இருந்தால் தலைமையாசிரியையிடம் புகார் கொடுப்பார்கள். இவள் நேராகப் பிள்ளைகளிடம் போனாள். "ஆப்பிரிக்கா ரொம்பப் பெருசுடா. அதுல எத்தினியோ நாடு. கூப்பிடறதுன்னா சரியா கூப்பிடுங்க, எத்தியோப்பியான்னு" என்றாள். அவ்வளவு நீளமான பட்டப்பெயரை யார் கூப்பிடுவார்கள்? ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை மறைத்தால் நான் எழுதியது அரைகுறையாகிவிடும். அவளிடம் எனக்குப் பயமாக இருந்த இடமும் உண்டு.

ஆகஸ்ட் மாதம் ஒரு மதியம். சாப்பாட்டு மணி அடித்தபின் அபி அலுவலகத்துக்கு வந்து, தலை வலிக்கிறது என்று என் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். மோஜோவில் பக்கத்து வீட்டில் ஹனா என்று ஒரு பெண்ணாம், இவள் வயதுதான். ஹனாவுக்கு இப்போது வேறு தோழி கிடைத்துவிட்டாளாம். போனில் பேசும்போது தனக்கே சில சொற்கள் மறந்துபோகின்றனவாம். "வாய்க்குள்ள வருது ஆன்ட்டி, வெளிய வரல" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அழுதா எல்லாரும் பாவம்னு சொல்வாங்கன்னு அம்மா திட்டும்" என்றாள்.

சொல்லாமல் இருப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். என் மேஜை விரிப்பின் ஓரத் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்க அழுதா? கிளாஸ்லயா?"

"இல்ல, இங்கதான்."

"யாராவது பாத்தாங்களா?"

"நான் மட்டும்தான். பிள்ளை அழட்டுமே, அழுதா என்ன?"

"அவ அழுதா எனக்குக் கோவம்தான் வருது க்கா. இன்னா பண்றது? அழுதா, பாத்தியா, குழந்தையை இழுத்துட்டுப் போய்க் கெடுத்துட்டான்னு சொல்ல நாலு பேர் ரெடியா நிக்கறாங்க. என் மாமியார் வீட்டுல, இங்க, பஸ்ஸுல, எல்லா இடத்துலயும் அம்பை எடுத்து வெச்சுக்கிட்டு எம்பொண்ணு மேல எங்க ஒட்டலாம்னு பாக்கறாங்க. எனக்கும் தெரியும் க்கா, அவளுக்கு வலிக்குதுன்னு. தோழி போய்ட்டா வலிக்கும்தான். அது பழுது இல்ல."

எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"இனிமே அழணும்னா இங்க வந்து அழட்டும். அவகிட்ட சொல்லிடறேன். நீங்க அந்த வார்த்தைய சொல்ல மாட்டீங்க."

அதன்பின் வாரத்தில் ஒரு மதியமாவது அபி வருவாள். சில நாள் அழுவாள். பல நாள் சும்மா உட்கார்ந்து தமிழ்ப் பாடம் எழுதிப் பார்ப்பாள். ற எது ர எது என்று என்னிடம் கேட்பாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்தது. தமிழ் விடைத்தாள் வந்த அன்று அம்மா பதினொரு மணிக்கு வந்தாள். தலைமையாசிரியை என்னையும் பதிவேட்டோடு கூப்பிட்டார். அபியின் மதிப்பெண் முப்பத்திரண்டு. இன்னும் மூன்று வேண்டும்.

அம்மா விடைத்தாளை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். பத்து மதிப்பெண் கட்டுரை. தலைப்பு: எங்கள் ஊர். அபி எழுதியிருந்தது இதுதான். பிறகு நான் நாட்குறிப்பில் பிரதி எடுத்து வைத்தேன்.

"எங்கள் ஊர் மோஜோ. எங்கள் ஊரில் ஆரு உண்டு. ஆரு பக்கம் தோல் சாப்பு உண்டு. கலுதை மஞ்சல் கேனில் தன்னி கொண்டு வறும். காலையில் ஒரு மனிக்கு குதிறை வண்டியில் பல்லிக்கு போவோம். எங்கள் ஊரில் வருசத்துக்கு பதிமூன்று மாசம். மலை பெய்தால் ஹனா வீட்டில் காப்பி கொட்டை வருப்பார்கள். காப்பி கூட சோலப்பொறி தருவார்கள். எங்கள் ஊரில் எனக்கு ஒரு தோஸ்த் உண்டு."

குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பூஜ்யம். பக்கத்தில், "தலைப்புக்குத் தொடர்பில்லை" என்று எழுதியிருந்தது.

"இது எப்படி டீச்சர் பூஜ்யம்?"

"எங்கள் ஊர்னா ஆம்பூர். கிளாஸ்ல எழுதிப் போட்டேன். எல்லாரும் ஆம்பூரைத்தான் எழுதியிருக்காங்க."

"கேள்வியில ஆம்பூர்னு இருக்கா?"

"எங்கள் ஊர்னு இருக்கு."

"அவ ஊரைத்தான் எழுதியிருக்கா."

"வருஷத்துக்குப் பதிமூணு மாசமாம்மா?" ஆசிரியை தலைமையாசிரியையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமா. அவங்க கேலண்டர்ல பன்னெண்டு மாசம் முடிஞ்சு, பதிமூணாவது ஒண்ணு அஞ்சு நாளைக்கு வரும். போன்ல இருக்கு, காட்டட்டா?" காட்டினாள். ஆசிரியை பார்க்கவில்லை. தலைமையாசிரியை பார்த்தார்.

"டீச்சர், தப்பு எழுத்துக்கு மார்க் குறைங்க. எத்தினி வேணும்னாலும் குறைங்க. நான் கேக்க மாட்டேன். ஊருக்கு எப்படிக் குறைப்பீங்க? அவ வளந்த ஊருக்குப் பூஜ்யம் போட நீங்க யாரு, நான் யாரு?"

ஆசிரியை விடைத்தாள் கட்டை அடுக்கத் தொடங்கினார். தலைமையாசிரியைதான், "சரிம்மா, பிழைக்குக் குறைச்சுப் பாக்கலாம். ஒரு பிழைக்கு அரை மார்க்" என்றார்.

அம்மா என்னிடம் பென்சில் கேட்டாள். ஆசிரியை எண்ணுவார் என்றுதான் நினைத்தோம். அவளே எண்ணினாள். ஒவ்வொரு தப்பு எழுத்தின் மேலும் ஒரு சின்ன அம்புக்குறி போட்டாள். ஆறு, ஆரு. அம்பு. மஞ்சள், மஞ்சல். அம்பு. மெதுவாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பார்த்து. ஒரே சொல் திரும்ப வந்தாலும் திரும்ப ஒட்டினாள். சேர்த்தெழுத வேண்டியதைப் பிரித்து எழுதிய இடங்களையும் ஆசிரியையிடம் கேட்டுக் கேட்டுப் போட்டாள். ஓரிடத்தில் ஆசிரியையே, "பேச்சு வழக்கு, அது பரவாயில்ல, விடுங்க" என்றார். "வேணாம் டீச்சர், தப்புன்னா தப்புதான்" என்றாள்.

பதினெட்டு அம்புகள் வந்தன. ஒன்பது மதிப்பெண் போயிற்று. மீதி ஒன்று.

"ஒண்ணு போடுங்க" என்றாள்.

"ஒண்ணு போட்டா முப்பத்து மூணு. முப்பத்தஞ்சு வரலியேம்மா" என்றார் தலைமையாசிரியை. அவர் குரலில் வருத்தம் இருந்தது.

"வரல. தெரியும். பூஜ்யத்தை அடிச்சு ஒண்ணுன்னு போடுங்க."

ஆசிரியை போட்டார். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "மூணாவது ரெஜிஸ்டரை எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்.

நான் என் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். மூன்றாம் வகுப்புப் பதிவேடு மேல்தட்டில் இருந்தது. அதே தட்டில், சுற்றறிக்கைகள் என்று என் கையெழுத்தில் எழுதிய ஒரு கோப்பும் இருந்தது. அதில் ஒரு தாளை எனக்கு நன்றாகத் தெரியும். வந்த அன்றே எண் போட்டு, துளையிட்டு, நான்தான் கோத்தேன். பிள்ளை எங்கிருந்து வந்தாலும், படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், பதினான்கு வயது வரை அதன் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பாடத்தில் பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சியைப் பள்ளிதான் தர வேண்டும். இதுதான் விதி. அபியை மூன்றில் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. பென்சிலில் எழுதவும் அதிகாரம் இருக்கவில்லை. ஜூன் மாதமே எனக்குத் தெரியும். மேலிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். கேட்காமல் எடுத்து நீட்டுவது எழுத்தர் வேலை கிடையாது என்று இருபத்து மூன்று வருஷமாக இருந்துவிட்டேன்.

பதிவேட்டை எடுக்கவில்லை. கோப்பை எடுத்துப்போய்த் தலைமையாசிரியையின் மேஜையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தேன்.

அவர் படித்தார். காது சிவந்தது. "இது இருக்கு, இல்லன்னு சொல்லல... நடைமுறையில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரி. அஞ்சுலயே இருக்கட்டும். மையில எழுதிடுங்க" என்றார். ஆசிரியை விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா கோப்பைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு பக்கத்தையும் நின்றபடி முழுவதும் படித்தாள். வலது மூலையில் நான் போட்டிருந்த வரவு முத்திரையில் அவள் விரல் நின்றது. அந்தத் தேதிக்கு அப்போதே மூன்று வயது.

"இது மொத நாளே உங்ககிட்ட இருந்துச்சா?"

"இருந்தது."

"ஏன் காட்டல?"

"நீங்க கேக்கல" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"இப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சாதான கேக்க முடியும்?"

அவள் கத்தவில்லை. நான்கு மாதம் அந்தப் பிள்ளை ராத்திரி பகல் ற வையும் ர வையும் எழுதி எழுதிப் பார்த்ததை, என் அலமாரிக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுததை, ஒரு சொல்லும் சொல்லிக் காட்டவில்லை. "இதை ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, மேடம்" என்றாள்.

அதுவரை நான் அவளுக்கு அக்கா. அன்றிலிருந்து மேடம். அபியும் அதன்பின் மதியத்தில் அலுவலகத்துக்கு வரவில்லை.

அன்று மாலையே அந்த விதியைப் பெரிய எழுத்தில் கடையில் அடித்து வாங்கி, அலுவலக ஜன்னலுக்கு வெளிப்பக்கம், சேர்க்கைக்கு வருகிறவர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில், கண்ணுக்கு நேராக ஒட்டினேன். கேட்காமலே தெரியட்டும். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை, அதை எடுத்துவிடலாமே, அவரவர் சண்டைக்கு வருவார்கள் என்றார். "எழுதிக் குடுங்க மேடம், எடுத்துடறேன்" என்றேன். எழுதித் தரவில்லை. அவருக்குப் பின் வந்தவரும் எழுதித் தரவில்லை. தாள் அங்கேதான் இருக்கிறது.

அபி ஏழாம் வகுப்பு முடித்த வருஷம் அவளுடைய அப்பாவுக்கு வியட்நாமில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு தங்க வீடும் தருவார்களாம். ஆசிரியர் அறையில், மறுபடியும் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறாள் பார் என்றார்கள். இந்தத் தடவை நான் டீயை வைத்துவிட்டு, "போகட்டும். அவ பொண்ணு, அவ இஷ்டம். உங்களுக்கு என்ன?" என்றேன்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் வந்தாள். வரிசையில் நின்றபடி ஜன்னலில் இருந்த தாளைப் படித்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த விதிதான். இருந்தும் கடைசி வரி வரைக்கும் படித்தாள். முறை வந்ததும் சான்றிதழை வாங்கி, பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்து ஃபைலில் வைத்தாள். பிறகு என் பேனாவைக் கேட்டாள்.

"நாலாவது வரியில பயிற்சிக்கு ர போட்டிருக்கு, மேடம்."

வெளியே போய்ப் பார்த்தேன். பயிர்ச்சி என்றுதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக ஆசிரியர்கள் அத்தனை பேரும் நானும் அந்த வழியாகப் போய்வந்திருக்கிறோம். நான் தினமும் பூட்டித் திறக்கிற ஜன்னல் அது.

அவள் ர்-ஐ ஒரு கோட்டால் அடித்து, மேலே ற் என்று எழுதினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

"இப்போ சரி" என்று சொல்லிப் பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற அபியைக் கூட்டிக்கொண்டு போனாள்.